உடம்பு வலின்னு வர்றவங்க மனசை யார் பார்ப்பாங்க? ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்களின் மனநலப் பயிற்சி: முழு விவரம்

ஆவடி பக்கத்தில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். காலை நேரம், ஓ.பி. வரிசை வாசல் வரை நிற்கிறது. 34 வயதுப் பெண் ஒருவர் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தலைவலி, முதுகு வலி, ராத்திரி தூக்கம் இல்லை. பி.பி. நார்மல், சுகர் நார்மல். வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த மாதமும் அதே வலி, அதே மாத்திரை.

மூன்றாவது முறை வரும்போது, பி.பி. பார்க்கும் நர்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "உடம்பு இருக்கட்டும்மா, மனசு எப்படி இருக்கு?" அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும், இப்படி ஒருவரைப் பார்த்திருப்பதாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அந்த நர்ஸுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கேட்ட பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியுமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்களுக்கு இது ஏன் முக்கியம்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா...

- மனநலப் பிரச்சினை இருப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் மனநல மருத்துவரிடம் போவதில்லை. உடம்பு வலின்னு பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போறாங்க.
- நர்சிங் படிப்பில் மனநலம் ஒரு பாடமாக இருக்கு. ஆனா அதன் செய்முறைப் பயிற்சி பெரும்பாலும் மனநல மருத்துவமனையில்தான் நடக்குது.
- மனநல பராமரிப்புச் சட்டம் எல்லா அரசு மருத்துவர்களுக்கும் பயிற்சி கட்டாயம்னு சொல்லுது. நர்ஸ்களைப் பற்றி அதே அளவுக்குத் தெளிவா சொல்லல.
- ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தா திறமை வந்துடாது. தொடர்ந்து வழிகாட்டுதல் வேணும்.

ஏன் நர்ஸைப் பற்றிப் பேசணும்? டாக்டர் போதாதா?

போதாது. காரணம் எண்ணிக்கை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது தெரியவந்தது. அந்த ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே எடுக்கவில்லை என்பதும் அதில் வந்தது.

மறுபக்கம், இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்காங்க. அதாவது லட்சம் பேருக்கு ஒருத்தர்கூட இல்லை.

தற்கொலை எண்ணிக்கை இன்னும் கவலை தருது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் நாடு முழுக்க 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். இதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம்.

இத்தனை பேரை மனநல மருத்துவர்கள் மட்டும் பார்க்கவே முடியாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் ஒரு காலை ஓ.பி.யில் நிறைய பேரைப் பார்க்கணும். ஒருத்தருக்கு அவர் தரக்கூடிய நேரம் சில நிமிஷம்தான். ஆனா நர்ஸ் கையில் நோயாளி பல தடவை கிடைக்கிறார். பி.பி. பார்க்கும்போது, தடுப்பூசி போடும்போது, கர்ப்பிணிப் பரிசோதனையில், வீட்டுக்குப் போகும்போது. அதனால்தான் உலகம் முழுக்க மனநல சேவையை ஊர் மட்டத்துக்குக் கொண்டுவரணும்னா நர்ஸிலிருந்து ஆரம்பிக்கிறாங்க.

மேற்கு சென்னையில் என்ன நிலவரம்?

இங்கே முதல் சிக்கலே எல்லைக்கோடு. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, இப்போ 7வது மண்டலமா இருக்கு. 2018ல் வருவாய் மாவட்டமும் சென்னைன்னு மாறிடுச்சு. ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது, ஆனா திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லி நகராட்சியும் திருவள்ளூர் மாவட்டம்தான்.

மாவட்ட மனநலத் திட்டம் மாவட்டவாரியா நடக்குது. அதனால் அம்பத்தூர்க்காரர் சென்னை மாவட்டக் குழுவின் கணக்கிலும், ஒட்டியே இருக்கும் அயப்பாக்கத்துக்காரர் திருவள்ளூர் குழுவின் கணக்கிலும் வருவாங்க. தெருவில் நடக்கும்போது தெரியாத இந்தக் கோடு, யாரிடம் போவது என்ற கேள்வி வரும்போதுதான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரின்னா எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம். 1794ல் ஆரம்பித்த பழமையான நிறுவனம். ஆவடியிலிருந்து போகணும்னா மின்சார ரயில் ஏறி, இறங்கி, அப்புறம் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கணும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம் போகும் பயணம். கூட ஒருத்தர் போனா ரெண்டு பேர் சம்பளம். "கீழ்ப்பாக்கம்" என்ற பெயரையே கேலியாகப் பேசிப் பழகிய ஊரில், அங்கே போகிறேன்னு அக்கம்பக்கத்தில் சொல்லவும் பலருக்குத் தயக்கம்.

அதனால்தான் தெருமுனையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் மனநலம் தெரிந்த நர்ஸ் இருப்பது இந்தப் பகுதிக்குப் பெரிய விஷயம்.

இந்தப் பகுதிக்குச் சில பலங்களும் உண்டு. வீடற்ற, மனநல பாதிப்புள்ள பெண்களுக்காக 1993ல் தொடங்கிய பேனியன் அமைப்பு முகப்பேரில் இயங்குது. டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அண்ணா நகர் பக்கம் இருக்கு. பூந்தமல்லியில் பொது சுகாதாரத் துறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் இருக்கு. கற்றுக்கொடுக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. கற்றது ஓ.பி. வரிசை வரை வந்து சேருதா என்பதுதான் கேள்வி.

நர்சிங் படிப்பில் மனநலம் சொல்லித் தர்றாங்களா?

தர்றாங்க. ஆனா எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

- ஏ.என்.எம். (2 ஆண்டு): கிராம சுகாதார செவிலியர், நகர்ப்புற சுகாதார செவிலியர் ஆகிறவர்களின் அடிப்படைப் படிப்பு. தாய்-சேய் நலம்தான் மையம். மனநலம் சிறிய பகுதி.
- ஜி.என்.எம். டிப்ளமோ (3 ஆண்டு): மனநல நர்சிங் தனிப் பாடம்.
- பி.எஸ்சி. நர்சிங் (4 ஆண்டு): மூன்றாம் ஆண்டில் மனநல நர்சிங் பாடமும் வார்டு பயிற்சியும் உண்டு.
- மனநல நர்சிங் டிப்ளமோ (1 ஆண்டு), எம்.எஸ்சி. (2 ஆண்டு): இதுதான் சிறப்புப் படிப்பு. இதை முடித்தவர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்கோ, நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கவோ போயிடறாங்க.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாணவிகள் செய்முறைப் பயிற்சிக்குப் போவது மனநல மருத்துவமனைக்கு. அங்கே அவங்க பார்ப்பது மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற தீவிர நோய் உள்ளவர்களை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்த பிறகு பார்ப்பது வேறு. மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம், பிரசவத்துக்குப் பிறகான சோர்வு, வலிப்பு. இவங்க யாரும் "எனக்கு மனநலப் பிரச்சினை"ன்னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க. "உடம்பெல்லாம் அசதியா இருக்கு சிஸ்டர்"ன்னுதான் வருவாங்க. வார்டில் படித்த பாடம் இங்கே நேரடியா உதவாது.

சட்டம் என்ன சொல்லுது?

மனநல பராமரிப்புச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 மே 29ல் நடைமுறைக்கு வந்தது. நர்ஸ்கள் தொடர்பாக அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

1. யார் மனநல செவிலியர்? சட்டத்தின் விளக்கப்படி, பொது நர்சிங்கில் டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றவரும், மனநல நர்சிங்கில் டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றவரும் இதில் வரலாம். மாநில கவுன்சிலில் அந்த வகையில் பதிவு செய்திருக்கணும். வரையறை இவ்வளவு அகலமா இருப்பதில் நன்மை உண்டு, ஆட்கள் கிடைப்பாங்க. ஆனா அந்தப் பெயர் இருப்பதால் மட்டும் அனுபவம் இருக்குன்னு அர்த்தமில்லை.

2. யாருக்குப் பயிற்சி கட்டாயம்? பிரிவு 31ன்படி, குறைந்தபட்சம் அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அதிகாரிகளுக்கும் அடிப்படை, அவசர மனநல சிகிச்சைப் பயிற்சி தரணும். மற்ற பணியாளர்களின் திறனை மேம்படுத்தணும்னு பொதுவா சொல்லுது. ஆனா "எல்லா நர்ஸ்களுக்கும்" என்ற வரி அதில் இல்லை.

3. எப்போதுக்குள்? மனநல நிபுணர்களின் எண்ணிக்கையை சர்வதேச அளவுகோலுக்கு 10 ஆண்டுக்குள் கொண்டுவரணும்னு அதே பிரிவு சொல்லுது. அந்தக் கெடு 2028ல் முடியுது.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மனநல சேவை ஆரம்ப சுகாதார மட்டம் உட்பட எல்லா மட்டத்திலும் இருக்கணும்னு பிரிவு 18 சொல்லுது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேல்மட்ட அரசு மருத்துவமனைகள் வரை இலவசமா எப்போதும் கிடைக்கணும் என்பதும் அதில் உண்டு.

பயிற்சி எப்படி ஆரம்பித்தது? பெல்லாரி டு திருச்சி

இந்த யோசனை புதுசு இல்லை. 1970களின் நடுவில் பெங்களூரு அருகே சாக்கலவாராவிலும், சண்டிகர் பக்கம் ராய்ப்பூர் ராணியிலும் ஒரு சோதனை நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி தந்தா, அவங்களால் மனநோயைக் கண்டுபிடித்து, சிகிச்சையைத் தொடர வைக்க முடியும்னு அதில் தெரிந்தது. 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அதை ஒரு முழு மாவட்டத்தில் செய்து பார்த்தது கர்நாடகாவின் பெல்லாரியில், 1980களின் பிற்பாதியில்.

அந்த அனுபவத்தை வைத்து 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. முதலில் தேர்வான நான்கு மாவட்டங்களில் நம்ம திருச்சியும் ஒன்று.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்த தீ விபத்தை யாரும் மறக்க முடியாது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் உயிரிழந்தாங்க. சொந்த ஊரில் சிகிச்சை கிடைக்காத குடும்பங்கள் எங்கெல்லாம் போக வேண்டியிருக்குன்னு நாடு அன்னைக்குத்தான் பார்த்தது.

இப்போ மாவட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு ஒரு மனநல செவிலியருக்கும் இடம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதும் இந்தக் குழுவின் வேலை. 2018ல் நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மூன்று மத்திய நிறுவனங்களில் டிஜிட்டல் அகாடமி தொடங்கி, ஆன்லைனிலும் பயிற்சி தர்றாங்க. நலவாழ்வு மையங்கள் தர வேண்டிய 12 வகை சேவைகளிலும் மனநலம் இருக்கு.

"பயிற்சி" வேற, "திறமை" வேற

ஸ்கூட்டர் ஓட்டுவது எப்படின்னு ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுக்கலாம். அதைக் கேட்டுட்டு அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் வண்டி ஓட்ட முடியுமா? இதுவும் அப்படித்தான்.

வகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் கேள்வி-பதில் எழுதினா, நர்ஸுக்கு எவ்வளவு தெரியும்னுதான் தெரியும். அழுதுகொண்டிருக்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து எப்படிப் பேசுவார்னு தெரியாது. அதை அளக்க வேறு வழி இருக்கு. ஒருவர் நோயாளியாக நடிப்பார், நர்ஸ் அவரிடம் பேசணும். கண்ணைப் பார்த்துப் பேசினாரா, குறுக்கே பேசாமல் கேட்டாரா, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டாரா, குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவாங்க. நேபாளத்தில் உருவான 'எனாக்ட்' என்ற கருவி இந்த வகை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 'ஈக்விப்' என்ற பெயரில் இதுபோன்ற கருவிகளை இலவசமாகவே தர்றாங்க.

திறமையான நர்ஸ் என்னென்ன செய்யணும்?

- கவனிக்கணும்: பரிசோதனையில் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வலி, அசதி, தூக்கமின்மைன்னு வருபவரை அடையாளம் காணணும்.
- கேட்கணும்: கடந்த 2 வாரமா மனசு சோர்ந்து இருக்கா, எதிலும் ஆர்வம் இல்லாமல் இருக்கா என்ற இரண்டு கேள்வியில் ஆரம்பிக்கலாம். ஆமான்னா 9 கேள்வி கொண்ட 'பி.எச்.க்யூ-9' படிவம். மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் போனா டாக்டர் பார்க்கணும். பிரசவமான தாய்மார்களுக்கு 10 கேள்வி கொண்ட 'எடின்பரோ' படிவம் உண்டு.
- தற்கொலை பற்றி நேரடியா கேட்கணும்: கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகும்னு பலர் பயப்படறாங்க. அது தவறு. மனம்விட்டுப் பேச அது ஒரு வாசல்.
- மாத்திரையைப் பற்றிச் சொல்லணும்: மனச்சோர்வு மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். இதைச் சொல்லாமல் விட்டா, "ஒண்ணும் கேட்கல"ன்னு பத்தாம் நாளே நிறுத்திடுவாங்க. கை நடுக்கம், உடம்பு இறுக்கம், எடை கூடுதல் போன்ற பக்க விளைவுகளையும் பார்க்கணும்.
- குடியை நிறுத்துபவரைக் கவனிக்கணும்: தினமும் அதிகமா குடிப்பவர் திடீர்னு நிறுத்தினா, இரண்டு மூன்று நாளில் வலிப்போ, மனக்குழப்பமோ வரலாம். "வீட்லயே இருந்து நிறுத்துங்க"ன்னு பொதுவா சொல்லக் கூடாது.
- பின்தொடரணும்: பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தா மட்டும் போதாது. போனாரா, என்ன சொன்னாங்க, மருந்து தீர்ந்துடுச்சான்னு கேட்கணும்.
- ரகசியம் காக்கணும்: நோயாளியின் விவரங்களை ரகசியமா வைத்திருக்கணும்னு சட்டத்தின் பிரிவு 23 சொல்லுது. ஓ.பி. வரிசையில் எல்லார் முன்னாடியும் கேட்கிற கேள்வி இல்லை இது.

ஒன்று தெளிவா இருக்கணும். நோய் இதுதான்னு முடிவு செய்வதும், மனநல மருந்தைத் தொடங்குவதும் டாக்டர் வேலை. நர்ஸ் அந்த வேலையை எடுத்துக்கொள்ளணும்னு யாரும் சொல்லவில்லை. டாக்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை நிரப்புவதுதான் அவர் பங்கு.

இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும் என்பதற்கு நம்ம நாட்டிலேயே ஆதாரம் இருக்கு. கோவாவில் நடந்த 'மானஸ்' ஆய்வு 2010ல் லான்செட் இதழில் வந்தது. மனநலப் படிப்பு படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களா போட்டாங்க. மனநல மருத்துவர் மேற்பார்வை செய்தார். 6 மாதத்தில், அரசு நிலையங்களில் இந்த உதவி கிடைத்தவர்களில் 65.9 சதவீதம் பேர் குணமடைந்திருந்தாங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 42.5 சதவீதம்.

ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிகள் சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை தர்றாங்க. 2016ல் வெளியான ஆய்வு அதுவும் பலன் தருதுன்னு காட்டுது.

கோவா ஆய்வில் கவனிக்க வேண்டியது மேற்பார்வை. பயிற்சி பெற்றவரைத் தனியா விடவில்லை. சந்தேகம் வந்தா கேட்க, தவறினா திருத்த மேலே ஒருத்தர் இருந்தார்.

அப்போ என்ன தடை?

முதல் தடை வேலைச்சுமை. தமிழ்நாட்டில் பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரப் பிரசவ சேவைக்காக மூன்று நர்ஸ் ஷிஃப்ட் முறையில் ஓடுது. பிரசவம், ஊசி, பதிவேடு, ஆன்லைன் என்ட்ரி எல்லாம் அவங்கதான். இதுக்கு நடுவில் ஒருத்தரோடு 20 நிமிஷம் உட்கார்ந்து பேசுன்னு சொன்னா, அந்த 20 நிமிஷம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, வேலை நிச்சயம். தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடியது நினைவிருக்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் வேலையை விட்டாலோ, இடம் மாறினாலோ அந்த மையம் மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்கணும்.

மூன்றாவது, இடம். கதவு மூடிப் பேச ஒரு அறை இல்லாத மையத்தில் எந்தப் பெண் தன் வீட்டு விஷயத்தைச் சொல்வார்?

நான்காவது, நர்ஸின் மனசு. தினமும் அடுத்தவர் துயரத்தைக் கேட்பவருக்கும் பேச ஒருத்தர் வேணும். பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி இதுதான்.

நீங்க என்ன செய்யலாம்?

- உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தூக்கமின்மை, அழுகை, குடி, பயம் பற்றியும் சொல்லலாம். "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்கு வர்றது"ன்னு நினைக்காதீங்க.
- எல்லார் முன்னாடியும் சொல்லத் தயக்கம்னா, "சிஸ்டர், கொஞ்சம் தனியா பேசணும்"ன்னு கேளுங்க. அது உங்க உரிமை.
- மாவட்ட மனநலக் குழு எந்த நாளில், எந்த அரசு மருத்துவமனைக்கு வருதுன்னு விசாரிச்சு வெச்சுக்கங்க. நீங்க சென்னை மாவட்டமா, திருவள்ளூர் மாவட்டமான்னு முதலில் பாருங்க.
- டாக்டர் சொல்லாமல் மனநல மாத்திரையை நிறுத்தாதீங்க. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்காதீங்க.
- பகுதி சபைக் கூட்டத்தில் சாலை, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்க: "நம்ம மையத்து நர்ஸுக்கு மனநலப் பயிற்சி கிடைச்சிருக்கா? கடைசியா எப்போ?"

அந்த ஆவடிப் பெண் மூன்று மாதம் வலி மாத்திரை சாப்பிட்டார். நர்ஸ் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா மூன்று மாதம் மிச்சம். சிலருக்கு அந்த மூன்று மாதத்தில் உயிரே போயிடும்.

உதவி எண்கள்: மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தா தயங்காமல் அழைக்கலாம். டெலி மனாஸ்: 14416. தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. எந்தப் பிரச்சினைக்கும் தற்கொலை தீர்வல்ல.